தற்காலிகம், தெ. நா.

நான்காயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டில் நூற்றுப் பதினேழு. திரையின் அடியில் அந்த எண் ஏறிக்கொண்டிருக்கிறது, நூற்றுப் பதினெட்டு, நூற்றுப் பத்தொன்பது, ஒவ்வொன்றும் யாரோ எழுதிய ஒரு கோப்பு, கம்பைலர் அதை வாங்கி மென்று இயந்திரத்துக்குப் புரியும்படி துப்பிவிட்டு அடுத்ததற்கு வாயைத் திறக்கிறது. மணி இரண்டு ஐந்து. முழு பில்ட் ஓடி முடிய ஐம்பது நிமிடம், அதைப் பம்ப்பில் ஏற்ற ஐந்து நிமிடம், ஆக மூன்று மணிக்குத் தெரிந்துவிடும். நான்கு மணிக்கு மீட்டிங். நடுவில் ஒரு மணி நேரம். ஒரு மனிதன் முடிவெடுக்க ஒரு மணி நேரம் தாராளம், எடுக்கத் தெரியாதவனுக்கு ஒரு வருஷமும் போதாது. இடது கைப் பக்கம் அந்தத் தாள் இருக்கிறது, பறக்காமலிருக்க அதன்மேல் ஸ்டேப்ளரை வைத்திருக்கிறேன், இந்த ஏசி ஹாலில் எந்தக் காற்றில் பறக்கப்போகிறது, கண்ணில் படாமலிருக்க வைத்தேன் என்பதுதான் உண்மை, அப்படியும் ஸ்டேப்ளருக்குக் கீழே கடைசி இரண்டு வரி தெரிகிறது, 'தானியங்கி பில்ட் அமைப்பில் குறை எதுவும் இல்லை என்று உறுதி செய்கிறேன்', அதற்குக் கீழே 'தெய்வநாயகம், பில்ட் பொறுப்பாளர்', அதற்கு மேலே கையெழுத்துக்கு விட்ட வெள்ளை இடம். வலது கைப் பக்கம் பம்ப். செருப்புப் பெட்டி அளவு, சாம்பல் நிறம், பக்கவாட்டில் ஒரு சிரிஞ்சு, அதில் மருந்துக்குப் பதில் குழாய்த் தண்ணீர். ஆஸ்பத்திரியில் கட்டில் ஓரக் கம்பியில் மாட்டியிருப்பார்களே, மருந்தைச் சொட்டுச் சொட்டாக நரம்புக்குள் தள்ளிக்கொண்டே இருக்குமே, அதுதான். நாங்கள் செய்வது அதன் மூளை. நாங்கள் என்றால் இந்த மாடியில் உட்கார்ந்திருக்கும் நாற்பத்திரண்டு பேர். அவர்கள் எழுதுவார்கள். எழுதியதையெல்லாம் ஒன்றாகக் கட்டி பம்ப்புக்குள் போகிற ஒரே பொட்டலமாக்குவது சர்வரில் ஓடும் பில்ட். அதைப் பார்த்துக்கொள்வது நான். நான் ஒரு வரி மருத்துவக் கணக்குகூட எழுதியதில்லை. எழுதியவர்கள் எழுதியது அப்படியே போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது மட்டும்தான் என் வேலை. அது மட்டும்தான். நூற்று எழுபத்தைந்து. நாற்காலியின் கைப்பிடி ரப்பர் பிய்ந்து நகத்தில் ஒட்டுகிறது, எப்போதிருந்து பிய்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வரி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எழுதிய ஒரே ஒரு வரி, இன்று மதியம் சாப்பிட்டு வந்ததும் என் பெயரில் ஒரு தனிப் பிரதி எடுத்து அதில் அந்த வரியை மட்டும் அழித்துவிட்டு பில்ட்டைத் தட்டிவிட்டேன். அழிப்பதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்த்தேன். வரிக்குப் பக்கத்தில் என் கைப்பட ஒரு குறிப்பு, 'தற்காலிகம், தெ. நா.' தேதி போடவில்லை. எல்லோரையும் தேதி போடச் சொல்லிச் சொல்லி உயிரை வாங்குகிறவன் நான். அப்போது பழைய மாடல், அதில் இருந்த சிப் சோப்ளாங்கி, குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தின் கணக்கைப் போட்டு முடிப்பதற்குள் திரையில் எண் திக்கித் திக்கி வரும், மறுநாள் காலை பத்து மணிக்கு டாக்டர்கள் பார்க்க வருகிறார்கள், என்ன செய்யலாம் என்று எல்லோரும் கையைப் பிசைந்தார்கள், நான் செய்தேன். கம்பைலருக்கு நாம் கொடுக்கும் சின்னச் சின்ன ஆணைகள் உண்டு, ஃப்ளாக் என்போம், கணக்கைக் கறாராகப் போடு, அல்லது கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சரி வேகமாகப் போடு. தனித்தனியாக ஒவ்வொருவரும் தன் பகுதிக்கு ஆணை கொடுத்துக்கொள்ளலாம். கொடுக்காதவர்களுக்கு டீஃபால்ட் கோப்பில் இருப்பது போகும். டீஃபால்ட் என்றால் வேறொன்றுமில்லை, யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் எது நடக்குமோ அது. அந்தக் கோப்பு என்னுடையது. வேகக் கணக்கு என்ற ஆணையை அதில் போட்டேன். திரை அப்படியும் திக்கியது, ஏனென்றால் திரைப் பகுதியை எழுதியவர் தன் பங்குக்குக் கறார் கணக்கு என்று போட்டு வைத்திருந்தார், லீவில் போயிருந்தார், போனை எடுக்கவில்லை. முரணாக இரண்டு ஆணை வந்தால் கம்பைலர் சண்டைக்கு வராது, எதற்கு இப்படி மாற்றி மாற்றிச் சொல்கிறாய் என்று கேட்காது, எது கடைசியாக வந்ததோ அதை எடுத்துக்கொள்ளும். அதனால் என் ஆணையை வரிசையின் முன்னாலிருந்து எடுத்துக் கடைசியில் வைத்தேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு யார் என்ன சொல்லியிருந்தாலும் கடைசிச் சொல் என்னுடையது. திரையில் எண் வழுக்கிக்கொண்டு ஓடியது. டாக்டர்கள் தலையாட்டினார்கள். எனக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள், வீட்டில் ஷோகேஸில் இருக்கிறது, மனைவி செண்பகம் வாரம் ஒருமுறை தூசு தட்டுகிறாள். மறுநாளே அந்த வரியை எடுத்திருக்க வேண்டும். மறுநாள் காய்ச்சல். அதற்கு மறுநாள் வேறு ஏதோ. எடுத்தால் நாலாயிரம் கோப்பையும் திரும்பச் சோதிக்க வேண்டும், யாருக்கு நேரம். புது சிப் வந்தது, அதற்கு அந்த வேகம் தேவையே இல்லை, அப்போதாவது எடுத்திருக்கலாம். நினைத்தேன். ஒவ்வொரு வருஷமும் ஒருமுறை அந்தக் கோப்பைத் திறப்பேன், வரியைப் பார்ப்பேன், மூடுவேன். மறந்திருந்தால்கூட மன்னிப்பு உண்டு. அறுநூற்று ஒன்பது.

அந்த ஆணை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா, தெரியும், புத்தகத்தில் படித்தவன்தான். வருகிற எண்ணெல்லாம் ஒழுங்கான எண்ணாகத்தான் இருக்கும் என்று நம்பிக்கொள், அதுதான் அந்த ஆணையின் அர்த்தம். நம்பினால் வேகம். சென்சார் ஒயர் கழன்றுவிட்டால் அழுத்தம் என்று வருவது எண்ணே அல்ல, எண் மாதிரி ஒரு வெறுமை. ஜெசிந்தா அதற்காகத்தான் ஒரு கேள்வி எழுதி வைத்திருக்கிறாள், இது எண்தானா, இல்லையென்றால் நிறுத்து, கத்து. ஆனால் எல்லாமே எண்தான் என்று நம்பச் சொல்லப்பட்ட கம்பைலர் அந்தக் கேள்வியைப் பார்க்கிறது, இதை எதற்குக் கேட்கவேண்டும், பதில்தான் தெரியுமே என்று கேள்வியையே எடுத்துப் போட்டுவிடுகிறது. எழுதினது கோப்பில் அப்படியே இருக்கும். பம்ப்புக்குள் இருக்காது. ஜெசிந்தாவுக்கு முப்பத்தொன்றோ இரண்டோ, தூத்துக்குடிக்காரி, மூன்று வருஷம் முன்னால் சேர்ந்தாள், நான் திருநெல்வேலி என்று தெரிந்ததும் கேன்டீனில் மட்டும் அண்ணாச்சி என்று கூப்பிடுவாள், 'அண்ணாச்சி, இவங்க சாம்பாரை நீங்க குழம்புன்னு நம்பித் திங்கியளா.' நேற்று கேன்டீனில் சார் என்றாள். தட்டில் கை வைக்கவில்லை. 'சார், நான் செக் போட்டிருக்கேன். என் பகுதிக்குக் கறார் கணக்குன்னும் போட்டிருக்கேன். கோப்பு இருக்கு, நீங்களே திறந்து பாருங்க. என் மேசையில கட்டினா பம்ப் நிக்குது, கத்துது. உங்க சர்வர்ல கட்டினது மட்டும் நிக்காம ஓடுது. என் கண்ணு பொய் சொல்லுதா, மிஷின் பொய் சொல்லுதா?' பக்கத்து மேசையிலிருந்து ரகோத்தமன் திரும்பினார், எங்கள் இருவருக்கும் மேலாளர், என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். 'என் மிஷின்ல சரியா வருதே, இதைச் சொல்லாத ஆளை நான் இந்த ஃபீல்டுல பார்த்ததில்லம்மா. அப்ப ஒண்ணு பண்ணலாம், உன் மேசையையே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாமா?' இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேனா, உதடு அசைந்தது, அது சிரிப்பா என்று தெரியவில்லை. அந்த நொடியில், உங்க சர்வர்ல கட்டினது மட்டும் என்று அவள் சொன்ன அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. அவரவர் மேசையில் கட்டும்போது என் டீஃபால்ட் கோப்பு வராது. சர்வரில் மட்டும்தான் வரும். அவள் பில்ட் பதிவுகளையும் பார்த்திருக்கிறாள், பாவம், வரி வரியாகப் பார்த்தேன் என்றாள். அதில் என்ன இருக்கும், கோப்பின் பெயர் மட்டும் இருக்கும். முழு ஆணையும் தெரிந்தால் பதிவு நீண்டுகொண்டே போகிறது, யாரும் படிப்பதில்லை என்று யாரோ குறைப்பட்டதற்காக அதையும் மறைத்து வைத்தவன் நான். 'பார்க்கறேம்மா' என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது சொல்லியிருக்கலாம். வாயில் சோறு இருந்தது.

ஆயிரத்து நூற்று நாற்பது. இருபது நிமிடம் போய்விட்டது. இத்தனைக்கும் காரணம் தெற்கே ஒரு ஆஸ்பத்திரியில் நடந்தது, அறுபது வயது அம்மாள், ரத்த அழுத்தத்துக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்திருக்கிறது, பம்ப்புக்குள் ஒயர் தளர்ந்துவிட்டது, குழாய் ஏற்கெனவே எங்கோ மடங்கியிருந்திருக்கிறது, குழாய்க்குள் அழுத்தம் ஏறுவது பம்ப்புக்குத் தெரியவில்லை, தள்ளிக்கொண்டே இருந்தது, மடங்கல் விட்டதும் அத்தனையும் ஒரே வீச்சில் உள்ளே. ஒரு நர்ஸ் பார்த்துவிட்டுக் கையால் குழாயை நெரித்துப் பிடித்திருக்கிறார். அம்மாள் பிழைத்துக்கொண்டார், இரண்டு நாள் கூடுதலாக இருந்துவிட்டு வீட்டுக்குப் போனார் என்று புகார் அறிக்கையில் எழுதியிருக்கிறது. அந்தக் கையை நினைத்துப் பார்க்கிறேன், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் குழாயை நெரிக்கிற கை. முகம் வரவில்லை, கை மட்டும் வருகிறது, பிறகு கட்டில் வருகிறது, கட்டிலில் அந்த அம்மாள் இல்லை, அப்பா. அப்பாவுக்கு பம்ப்பெல்லாம் கிடையாது, தலைகீழ் பாட்டில், அதிலிருந்து குழாய், நிமிடத்துக்கு இருபது சொட்டு விழவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள், நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டே இருந்தேன், பத்தொன்பது வந்தால் பயம், இருபத்தொன்று வந்தால் பயம். டாக்டர் நல்ல மனிதர். வெளியே அழைத்து வந்து, 'மதுரைக்குக் கொண்டு போறதுன்னா இப்பவே கொண்டு போகணும் தம்பி. போற வழியில என்ன ஆகும்னு நான் சொல்ல முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க ஒண்ணும் சொல்லலைன்னா இங்கயே வச்சிருப்போம்' என்றார். யோசிக்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. தலையை அசைத்தேன், அது ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை. உள்ளே போய்ச் சொட்டை எண்ணினேன். மூன்றாம் நாள். மதுரைக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாரா, யாருக்கும் தெரியாது, யாரும் என்னைக் கேட்டதில்லை, ஊரே நல்ல பிள்ளை, மூன்று நாளும் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தான் என்றது. உட்கார்ந்துதான் இருந்தேன். செண்பகம் சொல்வாள், உங்ககிட்ட ஒண்ணு கேக்குறதும் சுவத்துகிட்ட கேக்குறதும் ஒண்ணுதான், சுவராவது எதிரொலிக்கும் என்று. வீடு வாங்கியது அவள், பெண்ணை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்று முடிவெடுத்தது அவள், கேட்டால், நீங்க ஒண்ணும் சொல்லலியே, சரின்னு நெனச்சேன் என்பாள். பழி வராது. ஒன்றும் சொல்லாதவன்மேல் பழியே வராது, எல்லாம் தானாக நடந்தது போலவே இருக்கும். ஆனால் தானாக எதுவும் நடப்பதில்லை. அந்த டீஃபால்ட்டையும் யாரோ ஒருவன்தான் எழுதி வைத்திருக்கிறான், பக்கத்தில் தற்காலிகம் என்று போட்டு.

காலையில் பழைய பில்ட்டில் ஒருமுறை செய்து பார்த்தேன். மூடியைக் கழற்றி சென்சார் ஒயரைப் பிடுங்கினேன். பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது. திரையில் அழுத்தம் என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான், தண்ணீர் பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. இப்போது அந்த வரி இல்லாத பில்ட். இதிலும் நிற்காமல் ஓடினால் குறை வேறு எங்கோ இருக்கிறது, அவள் எழுதியதிலேயேகூட இருக்கலாம், நான் கையெழுத்துப் போடலாம், போட்டுவிட்டு மூன்றேகால் டீயைக் குடிக்கலாம். ஓடவேண்டும், இதிலும் நிற்காமல் ஓடவேண்டும். இரண்டாயிரத்து முன்னூறு. என்ன வேண்டிக்கொள்கிறேன் என்று கொஞ்சம் தாமதமாகத்தான் உறைக்கிறது. ஒயர் கழன்ற பம்ப் நிற்காமல் மருந்தைத் தள்ளவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். ரகோத்தமன் வருகிறார், அவர் ஷூ சத்தம் எனக்குத் தெரியும், கை தானாக மவுஸுக்குப் போய் எண் ஓடும் திரைச் சாளரத்தைச் சின்னதாக்கிவிட்டது, இந்தக் கைக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள். 'நாயகம் சார், கையெழுத்து ஆச்சா?' 'படிச்சுக்கிட்டு இருக்கேன்.' 'அதுல படிக்க என்ன சார் இருக்கு, நாலு வரி. புரோகிராம் எழுதினவங்க சர்வர் பில்ட்டை டெஸ்ட் பண்ணல. நாலு மணிக்குச் சொல்லிடுவேன். அந்தப் பொண்ணு தானாவே ராஜினாமா குடுத்துட்டா அவளுக்கும் கௌரவம், நமக்கும் முடிஞ்சுது.' 'குழந்தை சின்னது அவளுக்கு' என்றேன். எதற்காக அதைச் சொன்னேன், சொல்லவேண்டியது அதுவா. 'எல்லாருக்கும்தான் குழந்தை இருக்கு. அந்தக் கட்டில்ல கிடந்த அம்மாவுக்கும் யாரோ இருப்பாங்க இல்ல?' அவர் சொன்னது சரி. அவர் கெட்டவர் இல்லை, தெரியாமல் சரியாகப் பேசுகிறார். தெரிந்தவன் நான். 'மூணரைக்குள்ள குடுத்திருங்க' என்று மேசையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார், ஸ்டேப்ளர் ஒரு அங்குலம் நகர்ந்தது, வெள்ளை இடம் முழுதாகத் தெரிகிறது. இன்னொரு வழி இருக்கிறது. அதைச் சுற்றிச் சுற்றித்தான் காலையிலிருந்து வந்துகொண்டிருக்கிறேன், பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு. கையெழுத்துப் போடுவது. அடுத்த மாதம் புது வெளியீட்டில் முப்பது நாற்பது மாற்றம் போகும், அதில் ஒன்றாக இந்த வரியையும் எடுத்துவிடுவது, காரணம் கேட்டால் பழைய வரிகளைச் சுத்தம் செய்தேன் என்று இரண்டு வார்த்தை. பில்ட் கோப்பில் எந்த மாற்றம் வந்தாலும் அதைச் சரிபார்த்து ஒப்புதல் தர ஒருவர் வேண்டும், அதற்கான டீஃபால்ட் பெயரும் என்னுடையதுதான், அதையும் நான்தான் போட்டேன். யாரும் பார்க்கமாட்டார்கள். பம்ப்புகள் சரியாகிவிடும். எந்தக் கட்டிலிலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஜெசிந்தா போயிருப்பாள். அவளுக்குத் திறமை இருக்கிறது, வேறு இடம் கிடைக்கும். கிடைக்கும், ஆஸ்பத்திரியில் ஒரு உயிர் போகத் தெரிந்தது இவளால் என்ற பேச்சு அவளுக்கு முன்னே நடந்து போய் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும். அதைவிட இன்னொன்று. தான் எழுதியதைத் தானே நம்பாமல் போவாள். கோப்பைத் திறந்து திறந்து பார்ப்பாள், எழுதித்தான் இருக்கிறது, ஆனால் நடக்கவில்லை, அப்படியென்றால் எனக்குத்தான் ஏதோ தெரியவில்லை என்று. எனக்கு ஐம்பத்து நாலு. இந்த வயதில் என்னை யார் எடுப்பார்கள். பெண்ணுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு. இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். அடுத்த மாதம் வரை. அடுத்த மாதம் வரைக்கும் அத்தனை ஆஸ்பத்திரியிலும் அந்தப் பம்ப்புகள் ஓடிக்கொண்டுதானே இருக்கும். இதை ஏன் கடைசியில் நினைக்கிறேன். முதலில் அல்லவா நினைத்திருக்க வேண்டும்.

மூவாயிரத்து எழுநூறைத் தாண்டியதும் எண் வேகமெடுத்தது, கடைசியில் வருவதெல்லாம் சின்னச் சின்னக் கோப்புகள், எனக்குத் தெரியும், இருந்தாலும் ஏதோ என்னைப் பிடிக்க ஓடிவருவதுபோல் இருந்தது. நான்காயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு. பச்சைக் கோடு. இரண்டு ஐம்பத்து நாலு. ஒரு நிமிடம் முன்னாலேயே. இந்தப் பிரதியை இப்போதே அழித்துவிடலாம், ஓடியதற்கான தடயமே இருக்காது, தெரிந்துகொள்ளாதவனுக்குச் சொல்லவேண்டிய கடமையும் இல்லை. கேபிளைச் செருகினேன். பம்ப்பின் திரை கறுத்து மறுபடி விழித்தது, ஐந்து நிமிடம் ஆனதா, அந்த ஐந்து நிமிடம் எங்கே போனது என்று தெரியவில்லை, சிரிஞ்சு தண்ணீரைத் தள்ள ஆரம்பித்திருந்தது, குழாய் நுனியில் ஒரு சொட்டு திரண்டு விழுந்தது, இன்னொன்று. எண்ணினேன். ஏழு, எட்டு. ஒயர் இரண்டு விரலுக்கு நடுவில் இருந்தது, மெல்லிய சிவப்பு ஒயர், வியர்வையில் வழுக்கியது. இருபது வரை எண்ணிவிட்டுப் பிடுங்கலாம் என்று நினைத்தேன், நினைத்ததுமே அப்பாவின் கட்டில் ஓரம் உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது, பதினொன்றில் பிடுங்கினேன். பம்ப் நின்றது. ஒரு மூச்சு அளவுக்கு ஒன்றுமே இல்லை. பிறகு கத்த ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தை நான் ஒலிப்பதிவில் கேட்டிருக்கிறேன், இப்படிக் கேட்டதில்லை, மணியடிப்பது மாதிரி மூன்று அடி, ஒரு நிறுத்தம், மூன்று அடி, வார்டின் மறுகோடியில் இருக்கிற நர்ஸுக்கும் கேட்கவேண்டும் என்று தீர்மானித்துச் செய்த அசிங்கமான சத்தம், ஹால் முழுக்கத் தலைகள் நிமிர்ந்தன. திரைக்குக் கீழே மஞ்சள் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் நின்றுவிடும். கட்டைவிரல் அங்கே போய்விட்டது. அழுத்தாவிட்டால் நிற்காது, ஜெசிந்தா அப்படித்தான் எழுதியிருக்கிறாள், யாரும் ஒன்றும் செய்யாவிட்டால் இது கத்திக்கொண்டே இருக்கும். ஜன்னல் பக்கம் அவள் எழுந்து நிற்பது தெரிந்தது. எழுந்தவள் வந்தாள், ஓடவில்லை, ஆனால் வழியிலிருந்த நாற்காலியைத் தள்ளிவிட்டு வந்தாள். பம்ப்பைப் பார்த்தாள், தொங்குகிற ஒயரைப் பார்த்தாள், என் திரையைப் பார்த்தாள். 'இது என் மேசையில கட்டினது இல்லையே சார். எந்த பில்ட்டு இது?' 'சர்வர்ல கட்டினதுதாம்மா. இதுல நீ எழுதினது ஓடுது.' 'அப்ப அந்த ஆஸ்பத்திரில ஓடினது?' தூரத்தில் ரகோத்தமன், யாருப்பா அது, அதை நிறுத்துங்க முதல்ல என்கிறார். கட்டைவிரலைப் பொத்தானிலிருந்து எடுத்து ஸ்டேப்ளருக்குக் கீழே இருந்த தாளை உருவினேன், அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டேன். 'நான் எழுதினது' என்றேன். எனக்கே கேட்கவில்லை. 'என்ன சார்?' என்று குனிந்தாள். மூன்று அடி, ஒரு நிறுத்தம், மூன்று அடி. அந்தச் சத்தத்துக்கு மேல் பேசவேண்டுமென்றால் எவ்வளவு உரக்கப் பேசவேண்டும், அவ்வளவு உரக்க இந்த ஹாலில் நான் பேசியதே இல்லை, எங்குமே பேசியதில்லை. எழுந்து நின்றேன். ஒன்பது வருஷமா என் வரி ஒண்ணு அதுல இருக்கு என்றேன், உன் கேள்வியை அதுதான் எடுத்துப் போட்டுச்சு, நான் எழுதினது, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், ரகோத்தமனும் நின்றுவிட்டார், இன்னொருமுறை சொன்னேன்.